தோளில் எவ்வளவு, படத்தில் எவ்வளவு

பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் ஏறும்போது படகோட்டியின் கண் முதலில் பைமேல்தான் போகும். “பைய நடுவுல வைங்க சார். ஓரத்துல வெச்சா ஒரு பக்கமா சாஞ்சிக்கும்” என்றார் அன்று வந்தவர். என் பை எட்டரைக் கிலோ. இரண்டு பாடி, நான்கு லென்ஸ், ஒரு ஃபிளாஷ், தனியாக ஒரு டிரைபாட். சுரபுன்னை வேர்கள் இரு பக்கமும் இறங்கி நிற்கும் குறுகலான கால்வாய்க்குள் படகு நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று குறைந்தது. டிரைபாடை விரிக்க இடமில்லை; விரித்தும் பயனில்லை, படகே ஆடுகிறது. லென்ஸ் மாற்றப் பையைத் திறப்பதற்குள் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி பறந்துவிட்டது. கரைக்கு வந்து பார்த்தபோது, தேறிய படங்கள் எல்லாமே ஏறும்போது மாட்டியிருந்த ஒரே லென்ஸில் எடுத்தவை. மீதியைச் சிதம்பரத்திலிருந்து சுமந்து வந்ததற்குப் பலன் இல்லை.

கேமரா வாங்கப் போகிற இளைஞர்கள் “எது சார் நல்ல கேமரா?” என்று கேட்கிறார்கள். எங்கே நின்று, எத்தனை மணி நேரம், எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சாலைவழி சுமார் 45 கிலோமீட்டர்தான். ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையின் உப்புக்காற்று இருக்கிறது, கல்யாண மண்டபம் இருக்கிறது, தேரோடும் வீதி இருக்கிறது, சதுப்புக்காடு இருக்கிறது, வீராணம் ஏரிக்கரை இருக்கிறது. ஒரே பை இவை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. எடையும் பணத்தைப் போல ஒரு செலவு. வெளிச்சம் போதாத இடத்தில் அதைத் தாராளமாகச் செய்யலாம், மற்ற இடங்களில் கையை இறுக்கிக்கொள்ள வேண்டும். பல வருடம் சுமந்து பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு இது.

இந்தக் கேள்வி கேமரா பிறந்த காலத்திலிருந்தே இருக்கிறது. மதராஸ் மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, 1858இல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்தார். ஓரடிக்கு மேல் நீளமான நெகட்டிவ்கள். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில்தான் படம் நுணுக்கமாக விழும். டிரைப் எடுத்துச் சென்றது மெழுகு தடவிய காகித நெகட்டிவ். காகிதத்தின் நார் படத்தின் கூர்மையைக் கொஞ்சம் தின்னும். ஆனால் காகிதம் எடை குறைவு, உடையாது, முன்கூட்டியே தயார்செய்து வைத்துக்கொள்ளலாம், எடுத்த இடத்திலேயே அவசரமாகக் கழுவ வேண்டியதில்லை. அப்படி எடுத்ததுதான் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளின் படம்: 21 பிரிண்ட்களை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு. கூர்மையில் சிறிதை விட்டுக்கொடுத்ததால்தான் அத்தனை நெகட்டிவ்களை அவரால் ஊர் ஊராகக் கொண்டுபோக முடிந்தது.

அடுத்த பத்தாண்டில் இமயமலையில் சாமுவேல் போர்ன் எதிர்வழியில் போனார். கண்ணாடித் தகடு, ரசாயனப் புட்டிகள், இருட்டறைக் கூடாரம். இவற்றைத் தூக்க 1864 காஷ்மீர்ப் பயணத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட சுமைகூலிகள். படங்களின் துல்லியம் இன்றும் வியக்க வைக்கிறது. ஆனால் எடை எங்கும் போய்விடவில்லை, வேறு தோள்களுக்கு மாறியிருந்தது. இன்று கல்யாணத்தில் டிரைபாடும் லைட் ஸ்டாண்டும் சுமந்து வரும் உதவியாளர் பையனைப் பார்க்கும்போதெல்லாம் போர்னின் நினைவு எனக்கு வரும். கருவியின் எடையைக் கணக்கிடும்போது அந்தப் பையனின் தோளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்று நாம் ‘ஃபுல் ஃபிரேம்’ என்று பயபக்தியோடு சொல்லும் 36க்கு 24 மில்லிமீட்டர் சட்டமே எடைக்குப் பயந்து பிறந்ததுதான். ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஓஸ்கர் பர்னாக் ஆஸ்துமா நோயாளி. கனமான தகட்டுக் கேமராவைத் தூக்கி நடக்க மூச்சு இடம் கொடுக்கவில்லை. சினிமா பிலிமை வைத்துக் கைக்கு அடக்கமாக ஒரு கேமரா செய்தார். 1925இல் அது லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்த லைக்காவோடு 1950 ஏப்ரலில் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் நம் பக்கம் வந்தார். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களை எடுத்தார், பிறகு புதுச்சேரியில் அரவிந்தரை எடுத்தார். பல ஆண்டுகளாகப் படமெடுக்க அனுமதிக்கப்படாதிருந்த ஒருவரின் அறைக்குள் சிறிய கேமராவோடு நுழைவதும், மூன்றுகால் சட்டமும் கறுப்புத் துணியுமாக நுழைவதும் ஒன்றாகுமா? அதே ஆண்டு டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். மிஞ்சியிருப்பவை அந்தப் படங்கள்.

எடையைக் குறைத்தவர்கள் மட்டுமே சரி என்று சொல்லிவிடவும் மனம் வரவில்லை, காரணம் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டுயிர் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர், 1996இல் காலமானார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய கருவிக்கு அவர் வைத்த பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. கனத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து எடுத்த பெயர். அந்தக் கனத்தோடுதான் காடுகளில் நடந்தும் யானைமேல் இருந்தும் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். தனக்கு எது வேண்டும் என்று தெரிந்து சுமந்தவர் அவர். கனமான கருவி வைத்திருப்பதற்கும் கனத்தைத் தெரிந்து சுமப்பதற்கும் நிறைய தூரம்.

சரி, எடை எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி கண்ணாடியிலிருந்து. லென்ஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் விட்டம் கிடைக்கும். 600 மிமீ எஃப் 4 லென்ஸுக்கு 150 மிமீ வேண்டும், ஒரு சாப்பாட்டுக் கிண்ணத்தின் வாய் அளவு. 600 மிமீ எஃப் 11க்கு 55 மிமீ போதும். கேனான் இரண்டையும் செய்கிறது. முதலாவது 3090 கிராம், இரண்டாவது 930 கிராம். இரண்டும் பறவையை ஒரே அளவில்தான் காட்டும். ஆனால் முதலாவது சுமார் எட்டு மடங்கு ஒளியை வாங்குகிறது. ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு எண் 800இல் முடியும் வேலைக்கு மற்றதில் 6400 வைக்க வேண்டும். ஆக மூன்று கிலோ லென்ஸில் அதிகப்படியாக நாம் சுமக்கும் இரண்டு கிலோவும் வெளிச்சத்துக்கான விலை. வெளிச்சம் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் அந்த விலையை எதற்குக் கொடுக்க வேண்டும்?

சென்சார் விஷயத்தில் பலரும் பழைய கணக்கிலேயே நிற்கிறார்கள். ஃபுல் ஃபிரேமின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். வழக்கமான கிராப் சென்சார் சுமார் 370. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சுமார் 225. பரப்பு கூடினால் மொத்த ஒளி கூடும், நாய்ஸ் என்ற புள்ளிப்புள்ளியான இரைச்சல் குறையும். அது உண்மை. ஆனால் பெரிய சென்சார் என்றால் கனமான பாடி என்பது 2013இல் சோனி ஏ7 வந்தபோதே ஆட்டம் காணத் தொடங்கியது. இன்று கேனான் ஆர்8 என்ற ஃபுல் ஃபிரேம் பாடி பேட்டரியோடு 461 கிராம்; அதே நிறுவனத்தின் கிராப் சென்சார் ஆர்7 612 கிராம். வித்தியாசம் சென்சாரில் இல்லை. கை நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு, இரண்டாவது கார்டு துளை, பெரிய பேட்டரி இவையெல்லாம் ஆர்7இல் இருக்கின்றன, ஆர்8இல் இல்லை. எடை குறைந்த பாடியை வாங்கும்போது எதைக் கழற்றிவிட்டு எடையைக் குறைத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம்.

பேட்டரியையும் மறந்துவிடக் கூடாது. பழைய டிஎஸ்எல்ஆரான கேனான் 5டி மார்க் 4 ஒரு சார்ஜில் 900 படம் என்று கணக்கு; மிரர்லெஸ் ஆர்8க்கு 290. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியபின் இந்த மாவட்டத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது சாய்ந்த முந்திரியையும் பலாவையும் படமெடுக்கப் போனவர்களுக்குக் கையிலிருந்த பேட்டரிதான் பிலிம். புயல், வெள்ளம் என்று செய்திப்படம் எடுக்கிறவர் மிரர்லெஸ் வாங்கினால் எடைக் கணக்கில் மூன்று நான்கு பேட்டரிகளையும் சேர்த்தே போட வேண்டும்.

இனி படத்தின் தரம் என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் பார்த்துவிடலாம். நம் ஊர் ஆல்பத்தில் விரிந்த தாள் 12க்கு 36 அங்குலம். ஒரு படம் அதில் பாதியை, அதாவது 12க்கு 18 அங்குலத்தை, முழுசாக அடைத்துக்கொண்டாலும் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3600க்கு 5400, கிட்டத்தட்ட 19 மெகாபிக்சல்தான் தேவை. ஆரம்ப நிலை கேனான் 1500டியிலேயே 24 மெகாபிக்சல் இருக்கிறது. அது 475 கிராம். அதன்மேல் 160 கிராம் எடையுள்ள 50 மிமீ எஃப் 1.8 லென்ஸை மாட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் மணப்பெண்ணை எடுத்த படத்தையும், இரண்டு கிலோ கருவியில் எடுத்த படத்தையும் ஆல்பத்தில் அடுத்தடுத்து வைத்துப் பெண்ணின் அம்மாவிடம் காட்டிப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் அழகாக விழுந்த படத்தைத்தான் அவர் எடுத்துக்கொள்வார்.

45 மெகாபிக்சலுக்கும் வேலை உண்டு, அது வெட்டியெடுக்கும் வேலை. அந்த அளவுள்ள படத்தை ஒன்றரை மடங்கு வெட்டினாலும் 20 மெகாபிக்சல் மிஞ்சும். 200 மிமீ லென்ஸ் 300 மிமீ லென்ஸின் வேலையைப் பார்த்துவிடும். பையில் ஒரு லென்ஸ் குறையும்.

கல்யாண வேலைக்கு வருகிறேன். கடலூர், சிதம்பரம் இரண்டு ஊர்களிலும் கேமராவால் வயிறு வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் இதில்தான் இருக்கிறார்கள். முந்தின நாள் மாலை வரவேற்பு, இரவு பதினொன்றுக்கு முடியும். விடியற்காலை நாலரைக்கு மறுபடி மண்டபம். முகூர்த்தம், நலங்கு, பந்தி, கிளம்பும்போது அழுகை. இடையே மூன்று மணி நேரத் தூக்கம். இரண்டு பாடி, ஒன்றில் 24-70 எஃப் 2.8, மற்றதில் 70-200 எஃப் 2.8 என்பது எழுதாத சட்டம். டிஎஸ்எல்ஆர் காலத்தில் கேனான் கருவிகளில் இதன் கூட்டுத்தொகை 4 கிலோவைத் தாண்டும். மிரர்லெஸ் ஆர்6 பாடிகளோடு 3330 கிராம். அதற்குமேல் அரைக் கிலோ ஃபிளாஷ். தாலி கட்டும் நேரத்தில் தலைக்கு மேலே இரு கையாலும் தூக்கிப் பிடித்து எடுப்பது இதைத்தான். நாற்பது வயதைத் தாண்டிய எந்த நண்பரைக் கேட்டாலும் வலது தோளில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார்.

இதைப் பாதியாக்க முடியும். இரண்டு ஆர்8, ஒரு 35 மிமீ எஃப் 1.8, ஒரு 85 மிமீ எஃப் 2: மொத்தம் 1727 கிராம். எஃப் 2.8 ஜூமைவிட அதிக ஒளி. முகத்தில் விழும் கூர்மையிலும் குறை சொல்ல முடியாது. ஜூம் இல்லாததால் கால்தான் ஜூம். ஆனால் மணமேடையைச் சுற்றி உறவினர் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது கால் நகராது. ஒரே கார்டு துளை என்பது அதைவிடப் பெரிய குறை. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு முகூர்த்தப் படங்கள் இருந்த கார்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திறக்கவே இல்லை. அந்தக் குடும்பத்தின் முன்னால் அவர் நின்ற நிலையை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது. படமே இல்லாமல் போவதைவிட மோசமான தரம் கிடையாது. அதனால் கல்யாணத்துக்கு மட்டும் இரண்டு கார்டு துளை உள்ள கனமான பாடியைச் சுமக்கலாம் என்பது என் கட்சி. குறைக்க வேண்டியதை லென்ஸில் குறைக்கலாம். மணமேடையில் வீடியோக்காரரின் எல்இடி விளக்கு எரிகிறது. எஃப் 4, ஐஎஸ்ஓ 1600இல் தாராளமாக எடுக்கலாம். 70-200 எஃப் 2.8க்குப் பதில் எஃப் 4 எடுத்தால் 1070 கிராம் 695 ஆகிறது. 375 கிராம் சின்ன எண்ணாகத் தோன்றும். பத்து மணி நேரம் கழித்து மணிக்கட்டைக் கேளுங்கள், அது சொல்லும்.

கூடும் நாய்ஸுக்கு மருந்தும் வந்துவிட்டது. 2023இல் லைட்ரூமில் செயற்கை நுண்ணறிவு வழியாக நாய்ஸ் நீக்கும் வசதி வந்தபின் ஐஎஸ்ஓ 6400ஐப் பார்த்துப் பயந்த காலம் போயிற்று. அசைவால் கலங்கிய படத்தை மட்டும் அது காப்பாற்றாது.

சிதம்பரத்துத் தேர் வேறு விதம். ஆனித் திருமஞ்சனத்திலும் மார்கழித் திருவாதிரையிலும் மூலவரான நடராஜரே சிவகாமியோடு வீதிக்கு வருகிறார். ஐந்து தேர்கள் கீழ வீதியில் புறப்பட்டு நான்கு வீதிகளையும் சுற்றி வருகின்றன. அந்தக் கூட்டத்தில் முதுகுப்பை ஒரு தொல்லை. திரும்பும்போதெல்லாம் யாராவது ஒரு பாட்டியின் முகத்தில் இடிக்கும். வடத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே லென்ஸ் மாற்றுவது நடக்காத காரியம், ஆபத்தும்கூட. வெளிச்சமோ காலை ஏழு மணிக்கே வேண்டிய அளவு. அங்கே ஒரு பாடி, 28-75 போல ஒரே ஜூம், அதோடு சட்டைப்பையில் ஒரு பேட்டரி. டாம்ரானின் அந்த லென்ஸ் 540 கிராம்; எஃப் 2.8 ஆக இருந்தும் அவ்வளவுதான். ஒரு கிலோ சொச்சத்தில் தேர், வடம் பிடிக்கும் கைகள், மாடியிலிருந்து கும்பிடுகிறவர்கள் எல்லாம் அடங்கிவிடும். ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் தீர்த்தவாரிக்கு வரும் கிள்ளை மாசி மகத்துக்கும் இதே கணக்குதான்.

சிதம்பரம் கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. ஆனால் கோபுர வாயில்களில் உள்ள 108 கரணச் சிற்பங்களின் படங்கள் 1936இல் வந்த ‘தாண்டவ லட்சணம்’ போன்ற நூல்கள் வழியே வெளியே தெரிந்தன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தென்னிந்தியக் கோயில் படத் தொகுப்பும் ஒரு லட்சம் படங்களுக்கு மேல் வளர்ந்திருக்கிறது. கல் அசையாது. அசையாததை எடுக்கும்போது எடை முழுவதையும் டிரைபாடில் போட்டுவிடலாம். உறுதியான கால்மேல் ஐஎஸ்ஓ 100இல் இரண்டு விநாடி திறந்துவைத்தால் 400 கிராம் பாடியும் ஒரு கிலோ பாடியும் கல்லின் உளித்தடத்தைக் கிட்டத்தட்ட ஒன்றுபோலக் காட்டும். படகில் டிரைபாட் வீண் சுமை. இருண்ட மண்டபத்தில் அதற்கு நிகரான கருவி கிடையாது.

வீராணம் கரையில் பறவை எடுக்கிறவர்களுக்கு 200-600 போன்ற இரண்டு கிலோ லென்ஸைத் தவிர்ப்பது கடினம். பனிமூட்டத்துக்குள் தூரத்தில் நிற்கும் கூழைக்கடாவுக்கு நீளமும் வேண்டும், ஒளியும் வேண்டும். ஆனால் கையில் ஏந்தியே நடக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு துணிப்பையில் அரிசி நிரப்பி மதகுச் சுவரில் வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்துங்கள். மோனோபாடைவிட ஆடாது. நடந்தே தீர வேண்டும் என்றால் 635 கிராம் எடையுள்ள கேனான் 100-400. அது எஃப் 8 வரை சுருங்கும் லென்ஸ். வெயில் ஏறிய பிறகு, எட்டு மணிக்குமேல் நன்றாக வேலை செய்யும். அதற்கு முன் கிடைக்கும் வெளிச்சம்தான் பறவைக்காரர்களுக்குப் பொன் போன்றது என்பதால், இந்த எடைக்குறைப்பின் இழப்பு இங்கே பெரிது.

கடற்கரையில் எடையைவிட உப்பு முக்கியம். வெள்ளிக் கடற்கரையில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் மணல் உட்காரும். ஒரு மழைக்காலம் முழுவதும் நான் அலமாரியில் வைத்துவிட்ட பழைய ஜூம் ஒன்றின் உள்கண்ணாடியில் கார்த்திகை மாதம் சிலந்தி வலைபோல பூஞ்சை படர்ந்திருந்தது. கடலோர ஊரில் நான்கு லென்ஸ் வைத்திருப்பவர் நான்கையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்துப் பராமரிக்க வேண்டும். தோளில் ஏறாத எடை இது, ஆனால் சுமைதான்.

கைபேசி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுமார் 200 கிராமில், பகல் வெளிச்சத்தில், வாட்ஸ்அப்பில் பார்க்கிற அளவுக்கு அது ஜெயித்துவிட்டது. இருட்டும் அசைவும் தூரமும் சேரும்போது தோற்கிறது.

அந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் நாட்டியாஞ்சலி நடன விழாவின் மேடை. அந்த விழா 1981 முதல் மகா சிவராத்திரியையொட்டி சிதம்பரத்தில் நடக்கிறது. மேடை விளக்கு நிறம் மாறிக்கொண்டே இருக்கும். தூக்கிய காலை நிறுத்திப் பிடிக்க விநாடியில் ஐநூறில் ஒரு பங்கு வேண்டும். நாம் இருப்பது பார்வையாளர் வரிசைக்குப் பின்னால். போன முறை எஃப் 4 லென்ஸோடு முயன்றேன். ஐஎஸ்ஓ 6400க்குப் போன படங்களில் நாய்ஸை நீக்கியபின் முகம் நன்றாகவே இருந்தது. சலங்கையின் மணிகள் மட்டும் தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றோடொன்று குழைந்திருந்தன. நடனத்தை எடுக்கிறவனுக்கு அந்த மணிகள் தெரிய வேண்டும். அதனால் அந்தச் சில இரவுகளுக்கு மட்டும் எஃப் 2.8 லென்ஸை வாடகைக்கு எடுக்கிறேன். இரண்டாம் நாள் இரவே மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிடும். மோனோபாடைத் தொடைமேல் ஊன்றிக்கொண்டு எடுக்கிறேன். கடைசி நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலை, முன்கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டு, கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.